கேண்டன் மேசைகள்: தங்கப் பூவேலையா, வைரம் பாய்ந்த மரமா?

ஐரோப்பிய வடிவத்தில் சீனத் தச்சர்கள் செய்து கப்பலேற்றிய பழைய மேசை, அலமாரிகளில் மனம் வைத்தவர்கள் கடைசியில் இரண்டு வகைக்கு நடுவில்தான் வந்து நிற்பார்கள். ஒன்று, கறுப்பு அரக்குப் பூச்சின் மேல் தங்கத்தில் சித்திரம் தீட்டியது. இன்னொன்று, வைரம் பாய்ந்த மரத்தில் செய்து, மரத்தின் ரேகையையே அழகாக விட்டது. இரண்டுமே பெரும்பாலும் கேண்டன் சரக்கு, இன்றைய குவாங்சோ. 1757 முதல் 1842 வரை மேற்கத்தியக் கப்பல்கள் வணிகம் செய்ய அனுமதி இருந்த துறைமுகம், நடைமுறையில் அது ஒன்றுதான்.

கண்ணை முதலில் இழுப்பது அரக்குதான். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்த ஒரு தையல் மேசையை எடுத்துக்கொள்வோம். மூடியைத் திறந்தால் சின்னச் சின்னத் தட்டறைகள், தந்தத்தில் கடைந்த நூல் சுற்றிகள், ஊசிக்கூடுகள். அடியில் துணி போட்டுவைக்க ஒரு பட்டுப் பை தொங்கும். கால் நுனியில் விலங்கின் பாதம். வடிவம் லண்டனுடையது, மேலே தங்கத்தில் ஓடுவதோ மண்டபம், தோட்டம், விசிறியோடு நிற்கும் பெண்கள் என முழுக்கச் சீனம்.

ஆனால் இது பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டிய சாமான். சீன அரக்கு நம் ஊரில் போலப் பூச்சியிலிருந்து வருவதல்ல, ஒரு மரத்தின் பால். ஒவ்வொரு பூச்சும் ஈரக்காற்றில் மெல்ல இறுக வேண்டும். கப்பல் கிளம்புவதற்குள் முடிக்கும் அவசரத்தில் பல ஏற்றுமதிச் சாமான்களில் பூச்சு மெலிந்துபோனது. காய்ந்த அறையில் அடியிலுள்ள மரம் சுருங்க, மேற்பூச்சு வெடிக்கிறது. வெயில் பட்டால் கறுப்பு மங்கிப் பழுப்பாகிறது. அப்புறம் யாரோ ஷெல்லாக் (பூச்சி அரக்கில் செய்த) வார்னிஷ் பூசிப் 'புதுப்பித்து' வைத்திருந்தால் இன்னும் சிக்கல். ஐரோப்பாவிலேயே இப்படி வார்னிஷால் அரக்கைப் போலச் செய்த சாமான்களும் ஏராளம். அவற்றைக் கேண்டன் வேலை என்று நம்பி வாங்கிவிடக் கூடாது.

என் ஓட்டு மர வகைக்குத்தான். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் செய்த, சாய்பலகை வைத்த எழுதுமேசை அலமாரி ஒன்றை முன்னால் மட்டும் பார்த்தால் ஆங்கிலேய வேலை என்றே தோன்றும். டிராயரை உருவிப் பாருங்கள். லண்டன் தச்சர் ஓக் அல்லது பைன் கூட்டின் மேல் மஹோகனி வெனீர் (மெல்லிய மரத்தகடு) ஒட்டியிருப்பார். கேண்டன் தச்சரோ முழுக்கட்டையிலேயே செய்திருப்பார். டிராயரின் உள்பலகை பல சமயம் கற்பூர மரம். இழுத்தவுடன் வாசனை வரும். சட்டத்தின் மூலைகள் சாய்வாக வந்து சேர, முளை உள்ளே மறைந்திருக்கும். பலகை பசையில் ஒட்டாமல் சட்டத்தில் வெட்டிய காடியில் சும்மா அமர்ந்திருக்கும். மழைக்காலத்தில் உப்பவும் கோடையில் சுருங்கவும் அதற்கு இடம் உண்டு. இத்தனை காலம் பிளக்காமல் நிற்பதற்கு அதுவே காரணம்.

இதை வெறும் நகல் என்று தள்ளுகிறவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய நாற்காலியில் முதுகுக்கு இசைவாக வளையும் நடுப்பலகை சீன நாற்காலியிடமிருந்து போனது. பந்தைப் பற்றிய நகக்காலுக்கும், முத்தைப் பிடித்த சீன டிராகனையே மூலமாகச் சொல்வார்கள். சீனம் கொடுத்தது சுற்றிவந்து சீனத் தச்சரின் கைக்கே வேலையாகத் திரும்பியிருக்கிறது. சீனர்கள் உயர்வாக மதித்த ஸிதான் என்ற கட்டையோ, நம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் செம்மரம்.

மங்கிய வெளிச்சமும் சீரான ஈரப்பதமும் உள்ள அறை இருந்து, பார்த்து ரசிக்க மட்டும் என்றால் அரக்கு மேசை வாங்கலாம். தினமும் உட்கார்ந்து எழுத வேண்டுமென்றால் யோசிக்கவே வேண்டாம், மரம்தான். சட்டச் சிக்கல் மட்டும் இரண்டிலும் உண்டு. தையல் மேசைக்குள் இருக்கும் தந்தத்துக்கு 2022 முதல் பிரிட்டனில் கடுமையான விற்பனைத் தடை இருக்கிறது. ஹுவாங்ஹுவாலி என்ற சீன மரம் உள்ளிட்ட ரோஸ்வுட் இனங்கள் 2017 முதல், அழியும் அபாயத்தில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்டிஸின் பட்டியலில் இருப்பதால், அந்த மரத்தில் செய்த அலமாரியை எல்லை தாண்டிக் கொண்டுபோகச் சான்று கேட்பார்கள். என்ன மரம், எந்தக் காலத்து வேலை என்று விற்பவரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு பணம் கொடுங்கள்.