கம்பெனியா, ஷெட்டா, புதுப்பேட்டையா: ஒரே பிஎம்டபிள்யூ, மூன்று பில்

என்னிடம் இருப்பது 2013 மாடல் பிஎம்டபிள்யூ 320டி. புதிதாக வாங்கியதல்ல. ஏழு வயதான வண்டியை, அதன் ஷோரூம் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு வாங்கினேன். அப்போது எனக்குப் புரியாத கணக்கு ஒன்று இருந்தது. கார் பழசானால் விலை இறங்கும். அதன் ஸ்பேர் பார்ட்ஸுக்கு அந்தச் சங்கதியே தெரியாது. பத்துப் பன்னிரண்டு லட்சத்துக்கு வாங்கிய வண்டிக்கு, அதே மாடல் புது வண்டியின் பில்தான் வரும்.

"இது நம்ம செங்கல்பட்டு பக்கம்தானே அசெம்பிள் ஆகுது, ஸ்பேர் சல்லிசா கிடைக்காதா?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. பரனூர் மஹிந்திரா சிட்டியில் 2007-லிருந்து அந்தத் தொழிற்சாலை ஓடுவது உண்மைதான். ஆனால் கவுன்டரில் சொல்லும் விலை பரனூரிலிருந்து வந்த விலையாக இருக்காது, கடல் தாண்டி வந்த விலையாகத்தான் இருக்கும்.

சென்னையில் இப்படி ஒரு வண்டியைப் பராமரிக்க மூன்று வழி உண்டு: கம்பெனி சர்வீஸ் சென்டர், ஜெர்மன் வண்டிகள் மட்டும் பார்க்கும் வெளி ஷெட், அப்புறம் பழைய வண்டிகளில் கழற்றிய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டை. மூன்றிலும் பணம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் ஹெட்லைட் கதை. அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் தூணில் லேசாக உரசியதில், ஹெட்லைட்டைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் காது ஒன்று உடைந்தது. விளக்கு எரிகிறது, கண்ணாடியில் கீறல்கூட இல்லை. கம்பெனி எஸ்டிமேட் லட்சத்தைத் தொட்டது, ஏனென்றால் அவர்கள் கணக்கில் ஹெட்லைட் என்பது ஒரே பொருள், முழுசாகத்தான் மாற்ற முடியும். வெளி ஷெட்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "காதுதானே சார் போச்சு, லைட்டு போகலையே" என்றார். பிளாஸ்டிக் வெல்டிங், உள்ளே ஒரு சின்னத் தகடு, ஐந்தாயிரத்துக்குள் வேலை முடிந்தது. இன்றுவரை ஆடவில்லை.

பில் வித்தியாசத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. கம்பெனியில் லேபர் ஜாஸ்தி என்று எல்லோரும் சொல்வார்கள், அது பாதிதான் உண்மை. கம்பெனி அசெம்பிளியை மாற்றுகிறது, ஷெட் அதற்குள் இருக்கும் உதிரியை மாற்றுகிறது. சக்கரத்தைப் பிடித்திருக்கும் சஸ்பென்ஷன் ஆர்மில் உள்ள ரப்பர் புஷ் தேய்ந்தால் அங்கே ஆர்மையே மாற்றுவார்கள், இங்கே புஷ்ஷை மட்டும் பிரஸ் பண்ணி ஏற்றுவார்கள்.

ஆர்ம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். முன்பக்கத்து ஆர்ம் ஒன்றை, லெம்ஃபோர்டர் என்ற ஸ்பேர் பார்ட்ஸ் பிராண்டின் பெட்டியில் வாங்கினேன். பிரித்துப் பார்த்தால், உலோகத்தில் ஓர் இடம் மட்டும் பளபளவென்று தேய்த்து எடுக்கப்பட்டிருந்தது. கழற்றிய பழைய ஆர்மில் அதே இடத்தில் பிஎம்டபிள்யூ முத்திரை இருந்தது. பிஎம்டபிள்யூவுக்கும் லெம்ஃபோர்டரே செய்து கொடுக்கும் அதே பொருள்தான், முத்திரையை மட்டும் தேய்த்துவிட்டு வெளிச் சந்தைக்கு அனுப்புகிறார்கள். சாக்ஸ் ஷாக் அப்சார்பர், மான் ஃபில்டர், டெக்ஸ்டார் பிரேக் பேடு என்று இதில் பல பெயர்கள் உண்டு. முன் பேடும், பேடு தேய்ந்ததைச் சொல்லும் சென்சாரும் மாற்ற, கம்பெனியில் இருபதாயிரத்துக்கு மேல் சொன்ன வேலை, வெளியே ஏறக்குறைய பாதியில் முடிந்தது.

ஆயில் சர்வீஸைப் பற்றிப் பெரிதாகப் பேச ஒன்றுமில்லை. ஐந்து லிட்டருக்குக் கொஞ்சம் மேல் ஆயில் பிடிக்கும், பிஎம்டபிள்யூ வகுத்த எல்எல்-04 தரம் என்று டப்பாவில் போட்டிருக்க வேண்டும். அது சரியாக இருந்தால் யார் ஊற்றினாலும் ஒன்றுதான்.

ஷெட் என்றாலே லாபம் என்று நினைத்தால் என் பேட்டரி கதையைக் கேளுங்கள். இந்த வண்டியில் பேட்டரி இருப்பது டிக்கியில். மாட்டுவது பத்து நிமிட வேலை. அவசரத்துக்கு வீட்டருகே இருந்த ஒரு சாதாரண மெக்கானிக்கிடம் மாற்றினேன். ஆனால் புது பேட்டரி வந்துவிட்டது என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும், அதை ரிஜிஸ்டர் பண்ணுவது என்பார்கள். சொல்லாவிட்டால், பழைய கிழட்டு பேட்டரி இன்னும் இருப்பதாக நினைத்தே சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும். அவரும் சொல்லவில்லை, எனக்கும் தெரியாது. ஒன்றரை வருஷத்தில் பேட்டரி படுத்துவிட்டது. அதிலிருந்து, ஷெட்டுக்குள் நுழைந்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, "இஸ்டா இருக்கா?" என்பதுதான். பிஎம்டபிள்யூவுக்கு இஸ்டா, பென்ஸுக்கு எக்ஸென்ட்ரி, ஆடிக்கு ஓடிஸ். இந்த மென்பொருள் இல்லாத ஷெட்டில் ஆயில் மாற்றலாம், அதற்குமேல் கை வைக்க விட மாட்டேன்.

கம்பெனியே சொதப்புகிற இடம் கியர்பாக்ஸ் ஆயில். "லைஃப்டைம் ஃபில் சார், மாற்றவே வேண்டாம்" என்பார்கள். யாருடைய லைஃப்டைம் என்று கேட்டால் பதில் இருக்காது. அந்த எட்டு கியர் பெட்டியைச் செய்வது இசட்எஃப் என்ற கம்பெனி. ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது அது. ஃபில்டர் தனியாக வராது, அடியில் இருக்கும் பிளாஸ்டிக் பேனோடு சேர்ந்தே வரும். அதனால் கிட் விலையும் கொஞ்சம் கசக்கும், எல்லாம் சேர்த்து நாற்பதாயிரம் பக்கம் போனது. கியர்பாக்ஸ் போனால் ஆகும் செலவோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. இந்த வேலையைக் கையோடு ஏற்றுக்கொண்டது ஷெட்தான்.

இன்ஜினுக்குள் வால்வுகளின் ஓட்டத்தை ஒழுங்குபடுத்தும் டைமிங் செயினில், கம்பெனி, ஷெட் இரண்டு இடத்திலும் பெரிய லாபம் கிடையாது. என் வண்டியில் இருப்பது என்47 டீசல் இன்ஜின். 2007 முதல் 2011 வாக்கில் வந்த என்47-களில் செயின் தேய்ந்து அறுந்து, அந்த இன்ஜினுக்கே பெயர் கெட்டது. செயின் இருப்பது இன்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி. செயின் கிட் விலை பயமுறுத்தாது, அதை எட்டுவதற்கு இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்க வேண்டும் என்பதுதான் பயமுறுத்தும். என் வண்டி அதற்குப் பிந்தையது என்றாலும், காலையில் முதல் ஸ்டார்ட்டில் பின்பக்கத்திலிருந்து கரகரவென்று சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்பது பழக்கமாகிவிட்டது. வீட்டில் சிரிக்கிறார்கள்.

ஷெட்டுகளில் எனக்குப் பிடிக்காத பேச்சு ஒன்று உண்டு. சைலன்சர் லைனில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் அடைத்துக்கொண்டால், "எடுத்துக் கடாசிடலாம் சார், மைலேஜும் ஏறும்" என்பார்கள். அது சட்டப்படியும் தப்பு, பின்னால் வருகிறவன் மூச்சுக்கும் கேடு. தினமும் தி.நகருக்குள்ளேயே உருட்டினால் அது அடைக்கத்தான் செய்யும். வாரத்துக்கு ஒருமுறை ஓ.எம்.ஆரில் அரைமணி நேரம் விரட்டினால் தானாகவே எரித்துச் சுத்தம் பண்ணிக்கொள்ளும்.

சரி, புதுப்பேட்டை. சைடு மிரர் மூடி, கதவுக் கைப்பிடி, பூட் டிரிம், ஏசி வென்ட் மாதிரி உயிருக்கும் கம்ப்யூட்டருக்கும் சம்பந்தமில்லாத பொருளுக்கு அதை மிஞ்ச ஆளில்லை. அதே நிறத்தில் மிரர் மூடி கிடைத்தால் பெயின்ட் செலவும் மிச்சம். பிரேக், ஏர்பேக், ஸ்டீயரிங் பக்கம் மட்டும் போகவே கூடாது. இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான இன்ஜின் கன்ட்ரோல் யூனிட்டும் அங்கே வாங்குகிற பொருளல்ல, அது பிறந்த வண்டியின் எண்ணோடு கட்டப்பட்டது, அப்படியே மாட்டினால் ஸ்டார்ட்கூட ஆகாது.

அப்படியானால் கம்பெனிக்கு நான் போவதே இல்லையா? இன்ஷூரன்ஸ் கிளெய்ம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கம்பெனிதான். வாரண்டி மிச்சம் இருக்கும் வண்டிக்கும் அதுதான் சரி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எத்தனையோ சொகுசு கார்கள் பேஸ்மென்டில் முழுகின. தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தவர்களுக்கு இன்ஜினுக்குள் போன தண்ணீர், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடை வளைத்துவிட்டது. சாதாரண பாலிசி அந்தச் சேதத்தை ஏற்பதில்லை, இன்ஜின் புரொடெக்ஷன் என்று தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட நேரத்தில் வண்டியை டோ பண்ணிக் கம்பெனி வாசலில் விட்டால் சர்வேயரோடு பேசுவது அவர்கள் தலைவலி. ஷெட்காரருக்கு அந்தப் பேப்பர் வேலை வராது, அவரே ஒத்துக்கொள்வார்.

இப்போது கையில் இருக்கும் வழக்கு டயர். வண்டியோடு வந்தது ரன்ஃப்ளாட், பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடும், டிக்கியில் ஸ்டெப்னி இல்லை. சாதாரண டயர் விலை கிட்டத்தட்ட பாதி, பள்ளங்களில் முதுகுக்கும் இதம். ஆனால் ராத்திரி விழுப்புரம் தாண்டி பஞ்சரானால் என்ன செய்வது என்று மனைவி கேட்கிறாள். ஷெட்காரர் ஒரு பஞ்சர் கிட்டும் காற்றடிக்கும் பம்ப்பும் வாங்கி வைக்கச் சொல்கிறார். பம்ப் வாங்கிவிட்டேன், டயர் இன்னும் வாங்கவில்லை.