மணி நேரம் இருக்கிறது, ஆள்தான் இல்லை

டெட்ராய்ட் பக்கம் நோவையில் இருக்கும் நண்பன் போன வாரம் போன் செய்தான். "வடக்கே வீடு பாதி விலைக்குக் கிடைக்குதுடா. பையனுக்கு அங்கே சர்வீஸ் எல்லாம் எப்படி?" அவன் பையனுக்கும் ஆட்டிசம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், வடக்கே ஒரு கிராமக் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) நாங்கள் ஆறு வருடமாக இருக்கிறோம், அதனால் கேட்டான். பேசினால் கோபம் வரும், எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுதினாலும் வருகிறது.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். மாநிலத்தின் 83 கவுண்டிகளுக்கு 46 சமூக மனநல அமைப்புகள். சனம் குறைந்த பக்கங்களில் பல கவுண்டிகளுக்குச் சேர்த்து ஒன்றுதான். சுருக்கமாக சி.எம்.எச். (கம்யூனிட்டி மென்டல் ஹெல்த்) என்றால் இங்கே எல்லோருக்கும் தெரியும். தீவிர மனநோய், வளர்ச்சிக் குறைபாடு இரண்டுக்கும் அதே வாசல். 1974ஆம் வருடச் சட்டம் அப்படி. சில்ட்ரன்ஸ் வெய்வர் என்ற விதிவிலக்குத் திட்டத்தில் இடம் கிடைத்தால், பெற்றோர் சம்பளத்தைப் பார்க்காமல் பிள்ளைக்கு மெடிகெய்டு, அதாவது அரசு மருத்துவக் காப்பீடு உண்டு. இடங்கள் கொஞ்சம்தான், எங்களுக்குக் கிடைத்தது. சிறப்புக் கல்வி 26 வயது வரை. மற்ற மாநிலத்துக்காரர்கள் நம்ப மாட்டார்கள். மனநல மருத்துவர் கணினித் திரையில்தான் வருவார். பழகிவிட்டது.

இனி என் கோபத்துக்குக் காரணமான 12 மணி நேரம்.

வருடத்துக்கு ஒருமுறை சி.எம்.எச். ஆட்கள் உட்கார்ந்து பையனுக்கான சேவைத் திட்டம் எழுதுவார்கள். பையனை நடுவில் வைத்து, அவனுக்கு எது பிடிக்கும், எங்கே போக ஆசை என்று பொறுமையாகக் கேட்பார்கள். நடிப்பில்லை, உண்மையாகவே கேட்பார்கள். கடைசியில் காகிதத்தில் வரும்: வீட்டுக்கு வந்து கூட இருந்து கற்றுக்கொடுக்க, வெளியே கூட்டிப்போக, வாரம் 12 மணி நேரம். கையெழுத்து, தேதி எல்லாம் சரி. முதல் 14 மாதம் ஒரு ஆளும் வரவில்லை. வரவேண்டியவர் பனியில் 35 மைல் ஓட்ட வேண்டும். நெடுஞ்சாலை ஓரத்து பர்கர் கடையில் அதைவிடச் சம்பளம் அதிகம். யார் வருவார்கள்? ஒவ்வொரு மாதமும் "தேடிக்கொண்டிருக்கிறோம்" என்று ஒரு பதில். அதைச் சொல்பவரும் மாறிக்கொண்டே இருப்பார். எங்கள் சேவைகளைக் கவனிக்கும் ஒருங்கிணைப்பாளர்கள் ஏழு பேரைப் பார்த்தாயிற்று. ஏழு பேருக்கும் பிரசவ அறையிலிருந்து கதையைத் தொடங்கியிருக்கிறேன்.

எனக்கு ரொம்பத் தாமதமாகத் தெரிந்தது ஒன்று. அனுமதித்த சேவையை உரிய காலத்தில் தராமல் இருப்பதும் மெடிகெய்டு விதிப்படி மறுப்புதான். மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்கலாம். அந்தக் கடிதத்தில் உள்ள தேதியிலிருந்து 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். யாரும் தானாகச் சொல்லவில்லை. நான் கேட்ட மறுவாரமே, நாமே ஆளைத் தேடி வைத்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று இருப்பது அவர்களுக்கு ஞாபகம் வந்தது! சம்பளத்தை வேறொரு நிறுவனம் கணக்குப் பார்த்துக் கொடுக்கும்.

அப்படி வந்தவர்தான் அடுத்த தெருப் பாட்டி. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், வயது 67. பட்டமும் இல்லை, பயிற்சிச் சான்றிதழும் இல்லை; அவர்கள் கேட்ட முதலுதவி வகுப்பை மட்டும் முடித்தார். மூன்றாவது வாரம் அடுப்படியிலிருந்து "போதும், போதும்" என்று கேட்டது. என் மனைவி என்று நினைத்தேன். பாட்டி! பையன் சொல்லும் நாலைந்து வார்த்தையில் அதுவும் ஒன்று, அவனிடமிருந்தே பிடித்துக்கொண்டிருக்கிறார். இப்போது இருவரும் கடைக்குப் போய், அவனே காசு கொடுத்து மீதி வாங்குகிறான். ஏழு ஒருங்கிணைப்பாளர்களின் இலக்குப் பட்டியலிலும் இருந்த வரி அது.

அவருக்கும் ஒரு தொல்லை உண்டு. வந்ததையும் போவதையும் கைப்பேசியில் பதிய வேண்டும். 2016இல் வந்த கூட்டாட்சிச் சட்டத்தின் புண்ணியம். எங்கள் வீட்டில் சிக்னல் கிடையாது. தபால் பெட்டி வரை நடந்துபோய், கையைத் தூக்கிப் பிடித்துப் பதிந்துவிட்டுத் திரும்புகிறார். ஜனவரியிலும்.

வாரம் 12 மணி நேரத்தில் எட்டு மணி நேரம் அவரால் முடிகிறது. மீதி நாலு இன்னும் காகிதத்தில்தான்.

நண்பனுக்கு என் பதில்: வராதே. வந்தே தீருவேன் என்றால், வீட்டுக்கு முன்பணம் கட்டுமுன் அந்தப் பகுதி சி.எம்.எச். அலுவலகத்தைக் கூப்பிட்டு, போன வருடம் எழுதிக் கொடுத்த மணி நேரத்தில் எவ்வளவு நிஜமாகக் கொடுத்தீர்கள் என்று கேள். அப்புறம், எங்கள் பாட்டியைக் கேட்காதே. அவருக்கு வேறு நாள் ஒழியாது.