பெயர் சொல்லாத செயலியில் ஜாஸ்: நீண்ட நாள் பயன்படுத்திய பின்னர் எழுதுவது

நான் பயன்படுத்தும் இசைச் செயலி அண்மையில் தனது குடும்பச் சந்தாவின் கட்டணத்தைக் குறைத்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, அலுவலகத்தில் என்னுடன் பணியாற்றும் இளைஞர் ஒருவர், "அண்ணை, ஜாஸ் கேக்கிறதுக்கு இதை எடுக்கலாமோ?" என்று கேட்டார். செயலியின் ஒலித்தரம், தரவிறக்கி வைக்கும் வசதி, ஒரு கணக்கில் எத்தனை பேர் சேரலாம் என்பவை எல்லோருக்கும் தெரிந்தவை; அவற்றை இங்கே விவரிக்கப் போவதில்லை. ஜாஸ் கேட்பவருக்கு இந்தச் செயலி செய்யும் ஒரு பெரிய நன்மையையும், அதைவிட என்னை அதிகம் வருத்தும் ஒரு குறையையும் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கொழும்பில் ஜாஸ் இறுவட்டு ஒன்றைக் கடைக்குப் போய் வாங்குவது இன்று பெரும்பாடு. வெளிநாட்டிலிருந்து தருவிக்கலாம் என்றால், 2022இல் ரூபாய் சரிந்த பின்னர் அஞ்சற் செலவோடு சேர்த்து அதன் விலை கைக்கெட்டுவதில்லை. ஹோட்டல்களின் முன்கூடத்திலும் கோப்பிக் கடைகளிலும் பேச்சுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் சக்சபோன் ஒலிதான் இங்கே பலருக்கு ஜாஸ். பல ஆண்டுகள் எனக்கும் அவ்வளவுதான். அந்த நிலையிலிருந்து, ஓர் அல்பத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை வேறு வேலை பார்க்காமல் கேட்பவனாக என்னை மாற்றியது இந்தச் சந்தாதான். அந்த நன்றியை மறைக்க நான் விரும்பவில்லை.

நல்ல ஹெட்ஃபோன் ஒன்று வாங்கியது இந்த மாற்றத்தின் பாதி. ஜாஸில் பேஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் டபிள் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தின் மிகத் தாழ்ந்த தந்தி ஏறத்தாழ 41 ஹேர்ட்ஸில் ஒலிக்கிறது. தொலைபேசியின் சிறிய ஒலிபெருக்கிக்கு அது எட்டாத ஆழம். காலி வீதியில் பஸ்ஸில் இருந்தபடி தொலைபேசியில் ஜாஸ் கேட்பவருக்கு ட்ரம்பெட்டும் சக்சபோனும் கேட்கும். அவற்றைத் தாங்கி நடக்கும் பேஸ் கேட்காது. அது கேட்காதவரை ஊதுபவர் ஏன் அந்த இடத்தில் நிறுத்தினார், ஏன் அந்தச் சுரத்தில் சாய்ந்தார் என்பது விளங்குவதில்லை. வெள்ளவத்தையில் கடற்கரையோரம் ரயில் போய் ஓய்ந்த பின்னிரவில், ஹெட்ஃபோனில் முதன்முறையாக அந்த அடித்தளம் தெளிவாகக் கேட்டபோதுதான் ஜாஸ் எனக்குப் பின்னணி இசையாக இல்லாமற் போயிற்று.

அன்று கேட்டது அமெரிக்க ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஒஃப் புளூ' அல்பம். அதன் முதல் உருப்படியான 'சோ வட்', பியானோவும் பேஸும் தாளக் கட்டின்றி மெல்ல உரையாடுவதோடு தொடங்குகிறது. பின்னர் தாளம் பிடிக்கிறது. மெட்டைச் சொல்வது ட்ரம்பெட் அல்ல, பேஸ். அது ஒரு வரி சொல்ல, ஏனைய வாத்தியங்கள் இரண்டே ஒலிகளில் பதில் தருகின்றன. கர்நாடக இசை கேட்டு வளர்ந்த காதுக்கு இங்கே தனி விருந்து இருக்கிறது. இதன் சுரவரிசை நமது கரகரப்பிரியாவின் சுரவரிசைதான். 32 ஆவர்த்தனங்கள் கொண்ட ஒவ்வொரு சுற்றிலும் முதல் 16 ஆவர்த்தனங்கள் ஒரே சுருதியில் நிற்கின்றன. அடுத்த எட்டுக்குச் சுருதியே அரைக் கட்டை மேலேறுகிறது. கடைசி எட்டில் மீண்டும் பழைய இடத்துக்கு இறங்குகிறது. தம்புரா அசையாமல் நிற்பதையே இசையின் நிலைக்களனாகக் கொண்ட நமக்கு, சுருதியே இடம்பெயரும் அந்தக் கணம் அடிவயிற்றில் உணரப்படுகிறது. ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்தில் டேவிஸ் தனது தனி வாசிப்பைத் தொடங்கும்போது, ட்ரம்ஸோடு சேர்ந்த உலோகத் தட்டான சிம்பல் ஒன்று ஓங்கி ஒலித்து நெடுநேரம் கரையாமல் நிற்கிறது. அதன் கீழே பேஸ் ஒரே சீராக நடக்கத் தொடங்குகிறது.

அந்த பேஸை வாசித்தவர் யார்? செயலியில் அட்டைப்படம் இருக்கிறது, 'மைல்ஸ் டேவிஸ்' என்ற பெயர் இருக்கிறது, உருப்படியின் நீளம் வினாடிக் கணக்கில் இருக்கிறது. வாசித்தவர்களின் பெயர்கள் இல்லை. உருப்படிக்கு அருகிலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி உள்ளே போனால் இயற்றியவர் பெயரும் தயாரிப்பாளர் பெயரும் கிடைத்தன; வேறொன்றும் கிடைக்கவில்லை.

விடை கிடைத்தது டி. ஆர். விஜேவர்தன மாவத்தையின் பழைய புத்தகக் கடை ஒன்றில். அந்த அல்பத்தின் இறுவட்டு, பழைய சஞ்சிகைகளுக்கு நடுவில் கிடந்தது. கொழும்பின் ஈரக்காற்றில் அதன் கையேட்டுத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன; மின்விசிறியின் கீழே உலர வைத்து, நகத்தால் ஓரம் ஓரமாகப் பிரித்தபோது பெயர்கள் வெளிவந்தன. டெனர் சக்சபோன் ஜோன் கோல்ட்ரேன், அல்ட்டோ சக்சபோன் கனன்போல் அடர்லி, பியானோ பில் எவன்ஸ், ஓர் உருப்படிக்கு மட்டும் விண்டன் கெலி, ட்ரம்ஸ் ஜிம்மி கொப். பேஸ், போல் சேம்பர்ஸ். பதிவு நடந்தது நியூயோர்க்கில், 1959 மார்ச் 2ஆம் திகதியும் ஏப்ரல் 22ஆம் திகதியும். சேம்பர்ஸ் 1935 ஏப்ரல் 22இல் பிறந்தவர் என்பதைப் பின்னர் அறிந்தேன். இரண்டாம் பதிவு அவருடைய 24ஆவது பிறந்தநாளில் நடந்திருக்கிறது. அவர் 33 வயதில், 1969இல் இறந்துபோனார்.

ஒரு பெயர் தெரிந்ததும் என் கேட்கும் முறையே மாறிவிட்டது. ஜோன் கோல்ட்ரேனின் 'புளூ ட்ரெயின்' அல்பத்தை நான் முன்னரே கேட்டிருந்தேன். அதிலும் பேஸ் சேம்பர்ஸ்தான். சொனி ரொலின்ஸின் 'டெனர் மட்னஸ்', ஆர்ட் பெப்பர் 1957இல் பதிவு செய்த 'மீட்ஸ் த ரிதம் செக்ஷன்', ஒலிவர் நெல்சனின் 1961ஆம் ஆண்டு அல்பம் என்று எங்கு போனாலும் அந்தக் கை இருந்தது. நெல்சனின் அல்பத்தில் பில் எவன்ஸும் இருக்கிறார் என்று தெரிந்தபோது, 1959இல் பதிவான உரையாடல் இரண்டு ஆண்டுகள் கழித்து வேறொரு வீட்டில் தொடர்வதைக் கேட்க முடிந்தது. கோல்ட்ரேன் 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' அல்பத்தில் 'மிஸ்டர் பி.சி.' என்று ஓர் உருப்படிக்குப் பெயரிட்டது இவரை நினைத்துத்தான்; பி.சி. என்பது ஆங்கிலத்தில் போல் சேம்பர்ஸின் முதலெழுத்துகள். அந்த உருப்படியை நான் செயலியில் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்த இரண்டு எழுத்துகளுக்குரியவரே அதில் பேஸ் வாசித்துக்கொண்டிருக்கிறார் என்பதைச் செயலி ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

செயலியில் சேம்பர்ஸின் பெயரைத் தேடினால், அவர் தலைமை தாங்கிய சில அல்பங்கள் மட்டும் வருகின்றன. அவற்றுள் 'பேஸ் ஒன் டொப்' என்பதன் முதல் உருப்படியில் அவர் வில்லால் இழைத்து வாசிப்பதை அனைவரும் கேட்க வேண்டும். ஆனால் அவருடைய வாழ்நாள் உழைப்பின் பெரும்பகுதி பிறர் பெயரில் வந்த அல்பங்களில் இருக்கிறது. அங்கே போகும் வழி செயலியில் இல்லை. ஜாஸில் இது சிறிய குறை அல்ல. இங்கே தலைவர் பெயர் அட்டையில் இருக்கும். இசையோ அந்த நால்வரோ அறுவரோ ஒருவரையொருவர் கேட்டு அந்தக் கணத்தில் உருவாக்குவது. யார் யாரைக் கேட்கிறார் என்று தெரியாதவருக்கு அந்த இசையின் பாதி வெறும் சத்தமாகவே போய்விடும்.

நாங்கள் பெயர் சொல்லிப் பழகிய ஊர்க்காரர்கள். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையில் ஒரு திரைப்பாடல் ஒலிக்குமுன் படத்தின் பெயர், இயற்றியவர், இசையமைத்தவர், பாடியவர் என்று வரிசையாகச் சொல்லுவார்கள். அந்த அறிவிப்பைக் கேட்டே பாடலாசிரியர்களை இனங்காணக் கற்ற ஒரு தலைமுறை இருக்கிறது. பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்தில் ஒரு பிள்ளையின் அரங்கேற்றம் என்றால், அழைப்பிதழில் அணிசெய் கலைஞர்களின் பெயர்கள் தவறாமல் இருக்கும். முகர்சிங் வாசிப்பவரும் விடுபடமாட்டார். ஒரு நிமிட அறிவிப்பும் ஒரு சிறு அட்டையும் செய்த மரியாதையை, இலட்சக்கணக்கான பாடல்களைச் சேமித்து வைத்திருக்கும் ஒரு நிறுவனம் செய்யாமல் இருப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. இதுபற்றி அவர்களுக்கு எழுதினேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்ற பதில் வந்தது.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்கிறேன். செயலிகள் பெரும்பாலும் இசைக் கம்பனிகள் அனுப்பும் தகவலையே காட்டுகின்றன. புதிய அல்பங்கள் சிலவற்றில் வாசித்தவர்களின் பெயர்கள் ஓரளவு வருகின்றன. பழைய பதிவுகளுக்கே இந்தக் கதி. ஆனால் 1950களின் ஜாஸ் அல்பங்களில் வாசித்தவர்களின் பெயர்கள் இரகசியமானவை அல்ல. பெரும்பாலும் இசைத்தட்டின் பின்னட்டையிலேயே அச்சிடப்பட்டவை. அட்டையின் முன்பக்கத்தைப் படமெடுத்துப் போட்டவர்களுக்குப் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க நேரமில்லாமற் போனது எப்படி?

இந்தப் புறக்கணிப்பால் பெருமையும் இடம்மாறிப் போகிறது. 'டேக் ஃபைவ்' கேட்காதவர் குறைவு. அதன் ஐந்தெண்ணத் தாளம் கண்டச் சாப்புக்குப் பழகிய கைக்கு உடனே பிடிபடும். இரண்டும் மூன்றுமாகப் பிரிவது அங்கே மூன்றும் இரண்டுமாகப் பிரிகிறது, அவ்வளவே. செயலியில் அதன் மேலே டேவ் புரூபெக் என்று இருக்கிறது. இயற்றியவர் சக்சபோன் வாசித்த போல் டெஸ்மண்ட். நடுவில் வரும் தனியாவர்த்தனம் ட்ரம்ஸ் வாசித்த ஜோ மொரெல்லோவுடையது; அது முழுவதற்கும் புரூபெக்கின் பியானோ அந்த ஐந்தைத் தளராமல் பிடித்துக்கொண்டு நிற்கிறது, அருகில் யூஜின் ரைட்டின் பேஸ். இந்த நால்வரும் 1958இல் அமெரிக்க அரசின் ஏற்பாட்டில் இலங்கைக்கும் வந்து வாசித்துப் போனவர்கள். இங்கே நேரில் வந்தவர்களில் மூவரின் பெயரை, இங்கிருந்து சந்தா கட்டும் எனக்குச் செயலி காட்ட மறுக்கிறது.

'கைண்ட் ஒஃப் புளூ'வில் இன்னொரு சிக்கலும் உண்டு. முதல் நாள் பதிவில் ஒலிநாடா இயந்திரம் சற்று மெதுவாக ஓடியதால், இசைத்தட்டின் முதற் பக்கத்திலுள்ள மூன்று உருப்படிகளும் பல பத்தாண்டுகளாகச் சற்றே கூடிய சுருதியில்தான் வெளிவந்துகொண்டிருந்தன; 1990களில்தான் அது திருத்தப்பட்டது. செயலியில் அந்த அல்பத்தின் பதிப்புகள் ஒரே அட்டைப்படத்துடன் பல இருக்கின்றன. எது திருத்தப்பட்டது என்ற குறிப்பு எதிலும் இல்லை. சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நானே ஒப்பிட்டுப் பார்த்து ஒன்றைத் தெரிந்து வைத்திருக்கிறேன்.

இவ்வளவு கோபத்துக்கு நடுவிலும் ஒன்றைக் குறிப்பிடாமல் விட மனமில்லை. பில் எவன்ஸ் மூவர் குழு 1961 ஜூன் 25இல் நியூயோர்க்கின் வில்லேஜ் வன்கார்ட் என்ற ஜாஸ் விடுதியில் வாசித்ததன் பதிவு இந்தச் செயலியில் மிகத் தெளிவாகக் கேட்கிறது. கூட்டம் பேசுகிறது, கண்ணாடிக் குவளைகள் உரசுகின்றன, யாரோ சிரிக்கிறார்கள். ஸ்கொட் லஃபாரோவின் பேஸ் அவற்றுக்கு நடுவில் பியானோவுக்கு இணையாகப் பாடுகிறது. 25 வயதான அவர் அடுத்த மாதம் 6ஆம் திகதி கார் விபத்தில் இறந்தார். இதைக் கொழும்பில் என் அறையிலிருந்து, வேண்டிய இரவில், வேண்டிய தடவைகள் கேட்க முடிகிறது என்பது நான் செலுத்தும் கட்டணத்தைவிடப் பல மடங்கு பெறுமதியானது.

ஆயினும், தம்பிக்கு என் பதில்: இப்போது எடுக்க வேண்டாம். என் சந்தாவை நான் நிறுத்தப்போவதில்லை. பெயர்களை வேறு வழிகளில் தேடித் தெரிந்துகொள்ளும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. புதிதாகத் தொடங்குபவரிடம் இந்தச் செயலி ஜாஸைப் பெயரற்ற மனிதர்களின் இசையாகக் கொடுக்கும். கட்டணத்தைக் குறைத்ததால் அது மாறிவிடவில்லை. ஐந்துக்கு இரண்டு புள்ளிகள் தருகிறேன், அதற்கு மேல் கொடுக்க இன்று எனக்கு மனம் வரவில்லை. அந்த இறுவட்டை முதலில் அவருக்கு இரவல் தருகிறேன். கையேட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, 'சோ வட்'டை பேஸை மட்டும் பின்தொடர்ந்து ஒரு தடவையும், ட்ரம்ஸை மட்டும் பின்தொடர்ந்து இன்னொரு தடவையும் அவர் கேட்கட்டும். சந்தாவைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.