டைட்டன் ஏவுகணை அருங்காட்சியகம், அரிசோனா: போகும் முன் தெரிந்துகொள்ள

ஃபீனிக்ஸிலோ டூசானிலோ நண்பர்கள் வீட்டில் தங்கி அரிசோனா பாலைவனம் சுற்றுபவர்கள் பெரும்பாலும் பீமா விமான அருங்காட்சியகத்தோடு திரும்பிவிடுகிறார்கள். டூசானுக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டரில், சாவரீட்டாவில் இருக்கும் இந்த இடத்தை விட்டுவிடாதீர்கள். பீமாவில் 400 விமானங்களுக்கு மேல் நிற்கின்றன. இங்கே ஒரே ஒரு ஏவுகணைதான். ஆனால் நிலத்தடிக் குழி, காவல் அறை, கதவுகள் என்று தளம் முழுதும் அப்படியே இருக்கிறது. 1963 முதல் 1987 வரை செயல்பட்ட அமெரிக்காவின் 54 டைட்டன் 2 அணு ஏவுகணைத் தளங்களில் இப்படி மிஞ்சியது இது ஒன்றுதான்.

டூர் ஏறக்குறைய 45 நிமிடம். 55 படிகள் இறங்கி, அதே 55 படிகள் ஏற வேண்டும். முட்டிவலி உள்ளவர்கள் முன்னதாகவே போன் செய்து கேட்டுவிடுங்கள். ஹீல்ஸ் செருப்பு வேண்டாம். உயரமானவர்களுக்கு ஹெல்மெட் தருவார்கள், வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்: சில இடங்களில் மேல்பகுதி தலையில் இடிக்கும்.

காசு கொடுத்ததற்கு முழுப் பலனும் கட்டுப்பாட்டு அறையில்தான். பக்கத்தில் குண்டு விழுந்தாலும் அதிர்வு தாங்குவதற்காக அறையையே எட்டு பெரிய ஸ்பிரிங்குகளில் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஏவும் முறையை வழிகாட்டி படிப்படியாகச் செய்து காட்டுவார். ஏவும் சாவிகள் இருக்கும் சிவப்புப் பெட்டகத்துக்கு இரண்டு பூட்டு. ஒருவர் பூட்டின் எண் மற்றவருக்குத் தெரியாது. இரண்டு சாவித் துவாரங்களும் ஒரே ஆளின் கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கும். இருவரும் ஒரே நேரத்தில் திருப்பி 5 விநாடி பிடித்திருக்க வேண்டும். அடுத்த 58 விநாடியில் ஏவுகணை கிளம்பிவிடும், பிறகு திருப்பி அழைக்க வழியில்லை. மேசையில் இலக்கு 1, 2, 3 என்று மூன்று பொத்தான்களைக் கவனியுங்கள். அவை எந்த ஊர்கள் என்று அங்கே காவல் இருந்தவர்களுக்கே சொல்லப்படவில்லை. அன்று இங்கே இருந்த ஏவுகணையின் முனையில் இருந்தது 9 மெகாடன் அணுகுண்டு. இந்த மூன்று பொத்தான்களுக்காகவே மேசைக்குப் பக்கத்தில் இடம் பிடித்து நில்லுங்கள்.

கீழே ஏவுகணையைப் பார்க்கக் கிடைக்கும் நேரம் போதாது, அதுதான் குறை. கூட்டத்தோடு நெருக்கியடிக்காமல், மேலே வந்தபின் குழியின் வாயில் உள்ள கண்ணாடி வழியாக நிதானமாகப் பாருங்கள். 760 டன் மூடியைப் பாதிக்கு மேல் திறக்க முடியாதபடி தடுத்திருப்பதும், ஏவுகணையின் முனைக் கூம்பில் ஓட்டை போட்டிருப்பதும் அலங்காரத்துக்கு அல்ல: ஆயுதம் இல்லை என்பதை சோவியத் செயற்கைக்கோள்கள் மேலிருந்தே சரிபார்ப்பதற்காக.

எரிபொருளைக் கையாண்டவர்கள் போட்ட பாதுகாப்பு உடுப்பு மேலே இருக்கிறது, அதையும் தவறவிடாதீர்கள். எரிபொருளும், அதை எரியவைக்கும் ஆக்சிஜனேற்றியும் ஒன்றையொன்று தொட்டாலே தீப்பற்றும், இரண்டையும் சாதாரண வெப்பநிலையிலேயே தொட்டியில் சேமித்து வைக்கவும் முடியும். அதனால்தான் ஏவுகணையை நிரப்பியே வைத்து ஒரு நிமிடத்தில் ஏவ முடிந்தது, ஆபத்தும் அதிலேதான். 1980 செப்டம்பரில் ஆர்கன்சாவின் டமாஸ்கஸ் தளத்தில் கைதவறி விழுந்த, நட்டு முடுக்கும் ஒரு சாக்கெட் எரிபொருள் தொட்டியைத் துளைத்து, சில மணி நேரத்தில் தளமே வெடித்தது. ஒரு வீரர் இறந்தார். சாவரீட்டாவில் நிற்பது பயிற்சிக்கான ஏவுகணை, அதில் எரிபொருள் நிரப்பியதே இல்லை.

கோடையில் வெயில் 40 டிகிரி தாண்டும். வெட்டவெளியில் நடக்க வேண்டிய பீமாவைக் காலையிலும், நிலத்தடி டூரைப் பிற்பகலிலும் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். ஆனால் பீமாவுக்கே ஒரு நாள் வேண்டும். இரண்டு நாளாகப் பிரிப்பதே என் பரிந்துரை. டூருக்கு முன்பதிவு செய்துவிடுங்கள்.

ஃபீனிக்ஸிலிருந்து ஐ-10 நெடுஞ்சாலை வழியே வரும்போது கோடையில் புழுதிப்புயல் அடித்தால், சாலையை விட்டு நன்றாக ஒதுங்கி எல்லா விளக்குகளையும் அணைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். பின்னால் வருபவர் உங்கள் சிவப்பு விளக்கைப் பார்த்து, அதுதான் சாலை என்று நினைத்து வந்து மோதுவார். டூசானிலிருந்து தெற்கே போகும் ஐ-19இல் தூரப் பலகைகள் கிலோமீட்டரில் இருக்கும், வேக வரம்பு மட்டும் மைலில். எக்சிட் 69இல் இறங்கி மேற்கே திரும்புங்கள். இன்னும் தெற்கே டுமகாகோரி தேவாலயம் வரை போவதென்றால், திரும்பி வரும் வழியில் எல்லைக் காவல் சோதனைச்சாவடி உண்டு. விசாவில் இருப்பவர்கள் பாஸ்போர்ட்டை நண்பர் வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்ப வேண்டாம்.