லங்காவியில் பாய்மரப் படகு எடுப்பவர்களுக்கு: சாயங்காலத்தில் படகைக் கையில் வாங்காதீர்கள்

கடந்த செப்டம்பரில் நாங்கள் ஆறு பேர் லங்காவியில் ஒரு பாய்மரப் படகை இரண்டு இரவுக்கு வாடகைக்கு எடுத்தோம். வாடகை போக, அநியாயமாகக் கைவிட்டுப் போனது 2,350 ரிங்கிட். அந்தப் பணத்தைவிட, உயிர்காப்பு அங்கிகூடச் சரியாக இல்லாத படகில் எங்களைக் கடலுக்கு அனுப்பினார்களே, அதுதான் இன்னும் மனசு ஆறவில்லை. ஆண்டு இறுதி விடுமுறைக்குப் பலர் இப்போது படகு தேடிக்கொண்டிருப்பீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். புகார் விசாரணையில் இருப்பதால் படகு கொடுத்தவரின் பெயரைச் சொல்லவில்லை.

நாங்கள் எல்லாரும் பள்ளித் தோழர்கள். ஒருவனுக்கு நாற்பது வயது நிறைந்தது, அதற்காகத்தான் பயணம். ஃபேஸ்புக்கில் விளம்பரம் பார்த்து வாட்ஸ்அப்பில் பேசினோம். படகு கொடுத்தவர் எடுத்த எடுப்பிலேயே தமிழில் பேசினார். "அண்ணே, மத்தவங்களுக்கு ஆறாயிரம். நீங்க நம்ம ஆளு, நாலாயிரத்து எண்ணூறு குடுங்க போதும்" என்றார். படகோட்டியும் அதிலேயே சேர்த்தி. டெபாசிட் தனியாக 2,000. கம்பெனிக் கணக்கு எண் கேட்டேன். "அதுல போட்டா லேட்டாகும்ணே, என் கணக்குக்கே அனுப்புங்க" என்றார். அனுப்பினேன். தமிழில் பேசியதுமே பாதிச் சந்தேகம் போய்விட்டிருந்தது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் குவா படகுத்துறையில் படகு தயாராக இருக்கும் என்று சொன்னார்கள். மூன்று மணிக்குப் போனால் படகே இல்லை. "டீசல் போடுறாங்க" என்றார்கள். நாலரைக்குக் கேட்டபோது "கழுவுறாங்க". பெட்டியில் ஐஸ் எல்லாம் தண்ணீராகிவிட்டது. படகு வந்தபோது மணி ஆறே முக்கால். அங்கே ஏழரைக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். கூட வந்த பையன் இரண்டு பக்கத் தாள் ஒன்றை நீட்டினான். படகில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே "நல்ல நிலை" என்று ஏற்கெனவே டிக் போட்டிருந்தது. "சீக்கிரம் கையெழுத்துப் போடுங்க, இருட்டுறதுக்குள்ள நங்கூரம் போட்டாகணும்" என்றான். அவன் சொன்னது உண்மைதான், தெரியாத இடத்தில் இருட்டிய பிறகு நங்கூரம் போடக் கூடாது. அந்த உண்மையைச் சொல்லியே எங்களை அவசரப்படுத்திவிட்டார்கள். நான் கையெழுத்துப் போட்டேன்.

படகோட்டி வயதான மலாய்க்காரர். பாக்சிக், அதாவது மலாயில் மாமா, என்றுதான் கூப்பிட்டோம். அவர்மேல் எந்தக் குறையும் இல்லை, எங்களை வீடு கொண்டுவந்து சேர்த்ததே அவர்தான். அந்தப் படகில் ஏறுவது அன்றுதான் முதல் தடவை என்று மறுநாள் காலையில் சொன்னார். வெள்ளிக்கிழமை காலையில்தான் அழைத்து வேலை கொடுத்திருக்கிறார்கள்.

சனிக்கிழமை முன்பாய் பாதிக்கு மேல் விரியவில்லை, சுருட்டும் உருளை இறுகிப்போய் இருந்தது. நாள் முழுக்க என்ஜினில்தான் போனோம். டாயாங் பூந்திங் தீவின் நன்னீர் ஏரியில் குளித்தோம், பெராஸ் பாசா கடற்கரையில் சாப்பிட்டோம். இடங்களைக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை.

அன்று இரவு ஒரு தீவின் ஓரமாக எட்டு மீட்டர் ஆழத்தில் நங்கூரம் போட்டு நின்றோம். அதிகாலை மூன்று மணி இருக்கும், மேற்கிலிருந்து காற்று அடித்தது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை மலாக்கா நீரிணையைத் தாண்டி வரும் இந்தத் திடீர்ப் புயற்காற்றைத்தான் 'சுமத்ரா' என்பார்கள். பெரும்பாலும் விடிவதற்கு முன்தான் வரும். படகு பின்னால் இழுபடுவது காலடியில் தெரிந்தது. பாக்சிக் முன்பக்கம் ஓடிப்போய் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இன்னும் விடுவதற்குச் சங்கிலி இல்லை என்று கத்தினார். மொத்தமே பதினைந்து மீட்டர். ஆழத்தைப்போல ஐந்து மடங்காவது விட வேண்டும், அதாவது நாற்பது மீட்டர். அதற்கு மேல் கட்டி விடக் கயிறும் கிடையாது.

உயிர்காப்பு அங்கிகளை இழுத்துப் போட்டோம். ஏழு பேருக்கு ஐந்துதான் இருந்தது. என் கையில் வந்ததன் பிளாஸ்டிக் கொக்கி வெயிலில் வெளுத்து, மாட்டும்போதே இரண்டாக உடைந்தது. விசில் கட்டும் கயிறு இருந்தது, விசில் இல்லை. ரேடியோவில் அவசர அழைப்புக்கான 16ஆம் அலைவரிசையில் பாக்சிக் கூப்பிட்டுப் பார்த்தார். விளக்கு எரிந்தது, பதில் இல்லை. காலையில் பின்பக்கப் பலகையைக் கழற்றினால், ஆன்டெனா வயர் மாட்டாமலே தொங்கிக்கொண்டிருந்தது. காற்று அடித்த நாற்பது நிமிடமும் பாக்சிக் என்ஜினை ஓட்டிக் காற்றுக்கு எதிராகப் படகைப் பிடித்துக்கொண்டார். பாறைக்கும் எங்களுக்கும் எவ்வளவு தூரம் என்று நான் கேட்கவில்லை.

ஞாயிறு நண்பகல் கரைக்கு வந்ததும் அதே பையன் காத்திருந்தான். இப்போது நல்ல வெயில், அவசரம் எதுவும் இல்லை. நேராக முன்பக்கம் போய்க் குனிந்து, ஒரு சாண் நீளக் கீறலைப் படம் எடுத்தான். பெரிய பாயின் ஓரக் கிழிசலையும் எடுத்தான். "கையெழுத்துப் போட்டப்ப இதெல்லாம் இல்லையே அண்ணே." டெபாசிட் முழுக்கப் போனது. கூடுதல் டீசலுக்கு என்று 350 ரிங்கிட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு நண்பனின் மனைவி ஒரு வீடியோ அனுப்பினார். வெள்ளிக்கிழமை படகு கிளம்புவதற்கு முன், துறையில் கட்டியிருக்கும்போதே முன்பக்கத்தில் கேக் வெட்டியது. மெழுகுவத்தியை ஊதும் நண்பனின் முழங்காலுக்குப் பக்கத்தில் அதே கீறல். கீறல் எங்கே இருக்கிறது என்று அந்தப் பையனுக்கு எப்படி அவ்வளவு சரியாகத் தெரிந்தது என்பது அப்போதுதான் புரிந்தது.

படகு எடுக்கப் போகிறவர்கள், தயவுசெய்து காலையிலேயே ஒப்படைக்கச் சொல்லுங்கள். தாமதமானால் அன்றிரவு துறையிலேயே கட்டிக்கொண்டு தூங்குங்கள், பரவாயில்லை. பாயை முழுக்க விரிக்கச் சொல்லி, முன்பக்கம் முதல் பின்பக்கம் வரை, தண்ணீர் மட்டத்தை ஒட்டியும் வீடியோ எடுத்து, அங்கேயே நின்று அவர்களுக்கு அனுப்புங்கள். அங்கிகளை எண்ணுவது மட்டும் போதாது, ஒவ்வொன்றையும் மாட்டிப் பாருங்கள். ரேடியோவில் படகுத்துறையைக் கூப்பிட்டுப் பதில் வாங்குங்கள். சங்கிலி எவ்வளவு என்று கேளுங்கள். காவல்துறையின் செமாக் மியூல் தளத்தில் ஒரு வங்கிக் கணக்கின்மேல் மோசடிப் புகார் உண்டா என்று சரிபார்க்கலாம்தான், ஆனால் நான் பிறகு போட்டுப் பார்த்தபோது இவர்மேல் அதில் ஒரு புகாரும் இல்லை. அதை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம். வீடியோவையும் அந்தத் தாளின் நகலையும் இணைத்தேன். போன வாரம் அவரிடமிருந்து குரல் செய்தி வந்தது: "அண்ணே, ஆயிரம் தரேன், கேஸை எடுத்துடுங்க." அதையும் சேமித்து வைத்திருக்கிறேன். விசாரணை அடுத்த மாதம்.