கொம்தார்ல வாங்குன பழைய விஆர் ஹெட்செட், வானத்துல எண்ணெய் ஊத்த லாயக்கா?

ரெண்டு மாசமா டிசிஎஸ்னு ஒரு பிளேன் ஓட்டுற கம்ப்யூட்டர் கேம்ல ஹார்னெட் போர் விமானம் ஓட்டுறேன், ஏத்துறது இறக்குறது எல்லாம் வந்துருச்சு ஆனா பறந்துக்கிட்டே டேங்கர் பிளேன் பின்னால போயி அதுலருந்து எண்ணெய் ஊத்துறது மட்டும் வரவே மாட்டேங்குது, டேங்கர் விடுற ரப்பர் குழாய் நுனியில தொங்குற அந்தக் கூடை கிட்ட இருக்கா எட்ட இருக்கான்னே தெரியாது, மானிட்டர்ல எல்லாம் சுவத்துல ஒட்டுன காலண்டர் படம் மாதிரி. பொறுத்துப் பாத்து பினாங்கு கொம்தார் கட்டடத்துல ஒரு கடையில 1,200 வெள்ளிக்கு, கண்ணுல மாட்டி 3டியில பாக்குற பழைய ஹெட்செட் எடுத்தேன்.

மொத நாளே வித்தியாசம் தெரிஞ்சிருச்சு. கூடை காத்துல ஆடுறது, அது எத்தன அடி தள்ளி இருக்குன்னு கண்ணே சொல்லுது. கூடையவே முறைச்சுப் பாக்காம டேங்கரப் பாத்துக்கிட்டு த்ராட்டில நகம் அளவுக்கு நகத்துனா, நம்ம பிளேன் மூக்குக்கு வலது பக்கம் நீட்டிக்கிட்டு இருக்குற குழாய் டக்குனு கூடைக்குள்ள போயிரும். ஆறாவது தடவ மாட்டுச்சு, கத்துன கத்துல அம்மா ஓடி வந்துட்டாங்க.

பட்டர்வொர்த் விமானப்படைத் தளத்துல நிக்கிற நம்ம மலேசியா ஹார்னெட்டும் இதே கூடை வகைதான். எஃப்-16 மாதிரி பிளேனுக்கு அப்படி இல்ல, டேங்கர்ல இருக்குற ஆளு ஒரு இரும்புக் குழாய ஓட்டி வந்து சொருகணும். அமெரிக்காவோட பழைய கேசி-135 டேங்கர்ல அந்த ஆளு வால் பக்கம் குப்புறப் படுத்து ஜன்னல் வழியா நேராப் பாப்பாரு. புது கேசி-46ல முன்னால பைலட்டுக்குப் பின்னாடி உக்காந்து, 3டி கண்ணாடி மாட்டி, கேமரா படத்தப் பாத்து ரிமோட்ல ஓட்டுறாரு. வெயில், நிழல் விழுந்தா படம் வெளிறிப் போயி தூரம் சரியாத் தெரியல, குழாய் அடுத்த பிளேன் மேல உரசுது. 2019ல வந்த பிளேன், கேமராவ மாத்துற வேல 2027க்குத் தள்ளிப் போச்சு. ஏர்பஸ்காரன் ஏ330 டேங்கர்ல தானாவே சொருகுற முறைக்கு, பகல்ல மட்டும், 2022லயே சர்டிபிகேட் வாங்கிட்டான். மானிட்டர்ல நான் பட்ட பாட்டுக்கு அந்த அமெரிக்க ஆளு மேல பாவமாத்தான் இருக்கு.

கொறையும் இருக்கு லா. பினாங்கு புழுக்கத்துல இருபது நிமிஷத்துல லென்ஸ் ஆவி புடிச்சிரும், நான் மேசை ஃபேன மூஞ்சிக்கு நேரா வச்சுத்தான் ஓட்டுறேன். மூக்குக்கண்ணாடி போடுறவங்க, கண்ணாடிக்கு எடம் விடுற ஸ்பேசர் வளையம் இருக்கான்னு கேட்டு வாங்குங்க, என் பெட்டியில இல்ல, கடைக்காரத் தவுக்கே "நாளைக்கு வரும்"னு சொல்லி மூணு வாரம் ஆச்சு. மத்தபடி சும்மா படம் பாக்கத்தான்னா இது வேணாம், எண்ணெய் ஊத்தப் பழகணும்னா எடுத்துருங்க.