வயலா, மனையா? சுண்டா கிராமத்தில் நிலம் வாங்குவோருக்கு

இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில், காருட் பக்கத்தில் சுண்டா இனத்தவர் வாழும் கிராமம் ஒன்றில் நிலம் வாங்க நினைப்பவருக்கு இரண்டு வழி: சாவா எனப்படும் நெல்வயல், அல்லது வீட்டு மனை.

வயல் பார்க்கவே நிறைவு. படிப்படியாக இறங்கும் பாத்திகள், எரிமலை மண், ஓடைத் தண்ணீர். உழ ஆளில்லையா, 'மாரோ' முறையில் வாரத்துக்கு விடலாம். விளைச்சல் பாதிக்குப் பாதி. ஆனால் 1961-ம் ஆண்டு விதி ஒன்று குறுக்கே நிற்கிறது: விவசாய நிலத்துக்காரர் நிலம் இருக்கும் வட்டாரத்திலேயே குடியிருக்க வேண்டும். ஜகார்த்தாவில் உத்தியோகம், காருட்டில் வயல் என்பது சட்டப்படி சிக்கல்தான்.

மனைக்கு அந்தத் தொல்லை இல்லை. பின்கட்டில் 'பாலோங்' என்ற மீன்குளம் வெட்டினால் சாப்பாட்டுக்கு மீனும் ஆச்சு. அளவைக் கேட்டால் ஊரார் 'தும்பாக்' என்பார்கள். ஒன்று சுமார் 14 சதுர மீட்டர். கட்டடத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 2022 நவம்பரில் இதே மேற்கு ஜாவாவின் சியாஞ்சூரை உலுக்கிய 5.6 அளவு நிலநடுக்கத்தில் பல உயிர்கள் இடிந்த வீடுகளுக்கடியில்தான் போயின.

வெளிநாட்டவருக்கு இரண்டிலுமே முழு உரிமையான 'ஹாக் மிலிக்' கிடையாது. 1960 நிலச் சட்டம் அப்படி.

உள்ளூர்க்காரர் என்றால், அங்கேயே வாழப்போகிறவருக்கு வயல், மற்றவருக்கு மனை என்பேன். எதுவானாலும் பழைய 'கிரிக்' வரித்தாளை மட்டும் நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள்.